முக்கால் மனதோடு சம்மதம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
17-11-1946

பெங்களூர்க் கன்னியர் மடத்தில் இருக்கும் என் மகள் பெர்பேத்தம்மாளுக்கு, மன்னார்க் கடலுக்கும் அதிலுள்ள சாளை மீன்கள் அனைத்துக்கும் ஏக சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நானும் நம் கறுப்புக் கோழியும் சுகம், வீட்டில் வேறு ஆள் இல்லாததால் மற்றவர்கள் சுகத்தை எழுத வழியில்லை. நீயும் மடத்துத் தாய்மாரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், காதைத் துணியால் கட்டிக்கொண்டு படு. இங்கே மழை. போன செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் எங்கள் தோணி பஞ்சுப் பொதியோடு எழும்பிப் போய்ப் பெரிய கோவில் சிலுவையைத் தொட்டு முத்தி கொடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் இறங்கியது, நீ நம்பமாட்டாய், தோணியில் இருந்த ஒன்பது பேருமே நம்பவில்லை.

நீ வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரீ ஆவதற்கு வளர்த்தவர் சம்மதம் வேண்டுமென்று உங்கள் மடத்துப் பெரிய தாயார் அனுப்பிய காகிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று என் கைப்பட எழுதிப் பங்குச்சாமியின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும், டிசம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு முன் வராவிட்டால் உனக்கு ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று கண்டிருந்தது. சுங்கத் துரைக்கும் கப்பல் கப்பித்தானுக்கும் சமுத்திரம் கொள்ளாத பொய் சொன்னவன் நான், ஆனால் சர்வேசுரன் வாசிக்கிற காகிதத்தில் கை ஓடவில்லை, ஆகவே உள்ளது உள்ளபடி முக்கால் மனதோடு சம்மதிக்கிறேன் என்று எழுதிப் பங்குச்சாமியிடம் கொண்டு போனேன். சாமி சிரித்த சிரிப்பில் கோவில் மணி தானாக மூன்று தரம் அடித்தது. சிரித்துவிட்டுக் கையொப்பம் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னவே மச்சாது, ஆண்டவர் என்ன மீன் ஏலத்துலயா நிக்காரு, முக்காலுக்குப் பேரம் பேசுதீரே என்றார். நான் எழுந்து வாசல்வரை வந்த பிறகு, அந்தக் கால் மனச எதுக்குவே எடுத்து வச்சிருக்கீரு என்று மெல்லக் கேட்டார். நான் காகிதத்தை மடியில் சொருகிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நீ போன நாள் முதல் சாயங்காலச் செபமாலையை நான் ஒருவனே சொல்லுகிறேன், ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் செபத்தின் முன்பாதியை என் தடித்த குரலிலும் பின்பாதியை உன் மெல்லிய குரலிலும். கோழிக்கு ஆமென் மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், சில நாள் சொல்லும். முன்பெல்லாம் செபமாலை பாதியில், மூன்றாம் தேவரகசியத்தில் நான் குறட்டை விடுவதும், சித்தப்பா மாதா பாத்துக்கிட்டிருக்காவ என்று நீ முழங்கையால் இடிப்பதும் நினைவிருக்கிறதா? இடிக்க ஆளில்லாத பிறகு எனக்குத் தூக்கமே வருவதில்லை, உலகத்திலேயே பக்தியுள்ள மனிதன் ஆகிவிட்டேன். சாமி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம் அப்படி உன் குரலில் சொல்லிக்கொண்டிருக்கையில் அடுத்த வீட்டு அற்புதமணி ஓடி வந்து, ஏளா பெர்பேத்து, எப்பளா வந்த என்று கதவைத் தள்ளினாள். உள்ளே நானும் கோழியும்தான். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். என்னைப் பார்த்தால் ஒரு வசவாவது வையாமல் போகாதவள் அவள்.

அன்றைக்குத்தான் அந்தக் கால் மனதைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்தேன் மகளே. எனக்கென்று ஒரு பீடித் துண்டுகூட அதில் இல்லை. உன் முழங்கையும் உன் குரலும் நீ உட்காரும் பாயும்தான் இருந்தன. நீயோ சர்வேசுரனுக்கு உன்னைக் கொடுத்துவிட்டாய், உன் சாமான் மட்டும் என்னிடம் இருந்தால் அது பதுக்கல். அரிசியைப் பதுக்கினவனையே இப்போது பிடித்துக் கொண்டுபோகிறார்கள். மறுநாள் திருத்தி எழுதினேன், சாமி வாசித்து இந்தத் தடவை சிரிக்கவில்லை, கையொப்பம் போட்டார். காகிதம் இத்துடன் இருக்கிறது, முழு என்றே எழுதியிருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ கொடுக்கிற வார்த்தையில் கடைசி மட்டும் நிலைத்திரு. ஒன்றை மறவாதே. இனிமேல் உன் குரலில் நான் சொல்லப்போவதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கி, ஒவ்வொரு செபத்திலும் என் பாதியைச் சொல்லி நிறுத்துவேன், உன் பாதியை நீ அங்கிருந்து சொல். இப்படிப் பங்கு போட்டால் செபம் செல்லுமா என்று சாமியிடம் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் கணக்குப் பேசுவார். அவசரப்படாமல் நிதானமாகச் சொல், நீ முடிக்கிற மட்டும் பொறுத்துத்தான் நான் செபமாலையில் அடுத்த மணியைப் பிடிப்பேன்.

இப்படிக்கு
உன் சித்தப்பன்
சந்தியாகு மச்சாது