தராசுக்கு முதுகு காட்டியவள்

ஜனவரி 9

அன்புள்ள தராசுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இதைப் படிக்கும்போது என் போர்வையையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கத் தயாராக இருப்பீர்கள். நீங்கள் ராத்திரி வேலை முடிந்து வரும்போது நான் தையல் கடைக்குப் போயிருப்பேன். நான் கடை மூடி வரும்போது நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். சாப்பாட்டுத் தூக்கோடு கோடவுன் வாசலுக்கு வந்தாலோ, உங்கள் சூப்பர்வைசர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அரிசி டப்பாவின் மேல் கடிதம் வைத்துப் பேசுகிற புருஷன் பெண்டாட்டி நாம் மட்டுமாகத்தான் இருப்போம்.

இலவச முகாமில் அந்த டாக்டரம்மா சொன்னது மறந்துவிடவில்லையே? "ரெண்டு பேருக்குமே சக்கரை இருக்கு, எடையும் அதிகம். சேர்ந்தே கொறைங்க. ஒருத்தர் கொறைச்சு ஒருத்தர் தின்னா நடக்காது" என்றார். ஜிம்முக்குப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், உங்கள் செருப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் கவனித்தேன்.

அதனால்தான் காசு செலவில்லாத வழியாக நாமே பேசி வைத்தோம். காலையில் நீங்கள் பஸ் ஏறாமல் நடந்து வீட்டுக்கு வருவது, சாயங்காலம் உங்கள் சாப்பாட்டோடு நான் கோடவுனுக்கு நடந்து வருவது, டீயில் சர்க்கரையை நிறுத்துவது. வாரத்துக்கு ஒரு தடவை, நீங்கள் மூட்டை நிறுக்கிற அந்த மேடைத் தராசிலேயே நான் ஏறி நிற்பது. முள்ளைப் பார்க்க எனக்குப் பயம். அதனால் நான் முதுகைக் காட்டி நிற்பேன், நீங்கள் பார்த்துச் சொல்வீர்கள். உங்களுக்குத் தராசு வேண்டாம், பேன்ட் போதும் என்றீர்கள். சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விருந்தாளிக்கென்று வைத்திருக்கிற சர்க்கரை டப்பாவில் போன வாரம் நகத்தால் கோடு கிழித்து வைத்தேன். கோடு அங்கேயே இருக்கிறது. சர்க்கரைதான் கீழே போயிருக்கிறது. விருந்தாளி யாரும் வரவில்லை. எறும்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் வீட்டு எறும்புக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது.

பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊசி

*

ஜனவரி 12

அன்பான ஊசிக்கு,

பேருக்கு ஏற்ற மாதிரிதான் குத்துகிறாய். ஒரு கரண்டி. ஒரே ஒரு நாள். குளிரில் நடந்து வந்தேன், டீயில் போட்டுக்கொண்டேன். இதற்குப் போய் டப்பாவில் கோடு போட்டு வைக்கிறவளை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

என்னை விசாரிக்கிற நீ இதற்குப் பதில் சொல். எங்கள் லோடுமேன் தம்பி நேற்று சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, அண்ணி பஸ்ஸுல வந்து முக்குல எறங்கினாங்க. அப்புறம் முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே நடந்து வந்தாங்க." வேர்க்காத முகத்தை எதற்கம்மா துடைத்தாய்?

இருந்தாலும் நல்ல செய்தி சொல்கிறேன், கோபப்படாதே. இந்த வாரமும் உன் எடை குறைந்திருக்கிறது. முள் நன்றாகவே இறங்கி நின்றது. உனக்கே காட்டியிருப்பேன், நீதான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாய்.

என் கதையைக் கேள். காக்கி பேன்ட் இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது. சாக்குக் கட்டுகிற கயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பன் சாப்பிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நானே சொல்லிவிட்டேன், பார்த்தாயா.

உன்,
தராசு

*

பிப்ரவரி 6

அன்புள்ள தராசுக்காரருக்கு,

பஸ்ஸில் வந்தது அந்த ஒரு நாள்தான். மழை தூறியது. லோடுமேன் தம்பிக்கு மூட்டை தூக்குகிற வேலை போக ஒற்றர் வேலையும் கொடுத்திருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். நேராகவே கேட்கிறேன். ஒவ்வொரு வாரமும் நான் தராசில் ஏறுகிறேன், ஒவ்வொரு வாரமும் நீங்கள் "கொறைஞ்சிருக்கு, கொறைஞ்சிருக்கு" என்கிறீர்கள். சரி, நடந்த வாரம் குறையட்டும். அக்கா வந்து தங்கியிருந்த வாரம் எப்படிக் குறைந்தது? அவள் கொண்டுவந்த பலகாரத்தை நானும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு தின்று தீர்த்தோம். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வாரமும் முள் இறங்கியது என்றீர்கள்.

நான் தினமும் ஊரார் இடுப்பை அளக்கிறவள். என் ஜாக்கெட் கொக்கி போன மாதம் எந்த ஓட்டையில் மாட்டியதோ அதே ஓட்டையில்தான் இன்றும் மாட்டுகிறது. துணி ஒன்று சொல்கிறது, தராசு ஒன்று சொல்கிறது. இரண்டில் எது பொய்?

ஆனால் ஒன்று. மாடிப்படி ஏறும்போது முன்னே மாதிரி நடுவில் நிற்பதில்லை. நீங்கள் குறைந்தது என்று சொன்ன மறுநாள் எனக்குக் காலில் சக்கரம் கட்டிய மாதிரி இருக்கிறது. அதுவும் நிஜம்தான்.

இப்படிக்கு,
உங்கள் ஊசி

*

பிப்ரவரி 9

அன்பான ஊசிக்கு,

கதவைச் சாத்திக்கொண்டு தின்றாயா! எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கத் தோன்றவில்லையா?

தராசு பொய் சொல்லாது. வருஷா வருஷம் ஆள் வந்து சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போகிறான். ஜாக்கெட் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், இதை நானா உனக்குச் சொல்ல வேண்டும்?

சந்தேகம் என்று வந்தால் எனக்கும் ஒன்று இருக்கிறது. அந்த லோடுமேன் தம்பியேதான் சொன்னான்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. தொப்பை அப்படியேதான் இருக்கு. பேன்ட்டுதான் பெருசாகிட்டே போகுது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புப் பட்டியில் நூல் புதிதாக இருக்கிறது. எப்போது தைத்தாய்? எதற்குத் தைத்தாய்?

முகாம் மறுபடியும் அடுத்த மாதம் வருகிறதாம். அங்கே தெரிந்துவிடும் யார் யோக்கியம் என்று.

உன்,
தராசு

*

மார்ச் 14

தராசுக்காரருக்கு,

முகாமிலிருந்து வந்ததும் நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள். இந்த முறை சர்க்கரை மட்டும்தான் பார்த்தார்கள். எனக்கு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. உங்களுக்கு ஏறியிருக்கிறது. டாக்டரம்மா உங்களைப் பார்த்து, "இப்படியே போனா கால்ல புண்ணு வந்தா ஆறாது, கண்ணும் மங்கிடும். வெளையாட்டா?" என்று கேட்டார். உங்கள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

நேற்று உங்களுக்கு வார விடுமுறை. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கோடவுனுக்குப் போனேன். பகல் வேலைக்காரர் இருந்தார். "என்னம்மா, அண்ணன் இல்லியே?" என்றார். தெரியும், எடை பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லி மேடையில் ஏறி, இந்த முறை முள்ளைப் பார்த்தபடி நின்றேன். முதல் முகாமில் எழுதிக் கொடுத்த எடைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறேன். அவர் பாவம், நான் அழுவதைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேன்ட்டை நான்தான் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். உள்ளே துணி விட்டிருந்தது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஆரம்பத்தில் நீங்கள், "நடந்து என்ன பிரயோஜனம், பஸ்லயே வந்துடறேன்" என்றீர்கள் அல்லவா? பேன்ட் தளர்ந்தால் உற்சாகம் வரும், நடப்பீர்கள் என்று நினைத்தேன். உற்சாகம் வந்தது. பன் தின்றீர்கள். உங்கள் சர்க்கரை ஏறியதற்கு நான்தான் காரணம். ராத்திரி ராத்திரி இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

நீங்களும் என்னிடம் அதையே செய்திருக்கிறீர்கள். அதற்காக நான் சண்டை போட முடியாது, எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

ஆனால் பொய் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? நூலைப் பிரித்தேன், தைத்தேன், மடித்து வைத்தேன். மனசு உறுத்தவே இல்லை. நல்லதுக்குத்தானே என்று சொல்லிக்கொண்டேன். எனக்கே இவ்வளவு சுலபம் என்றால் உங்களுக்கு? அந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்குப் பழையது ஒவ்வொன்றாகக் கிளறிக்கொண்டு வருகிறது.

குழந்தைக்காக அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அன்றும் நான் பார்க்க மாட்டேன், கேட்க மாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் தனியாக உள்ளே போய்விட்டு வந்தீர்கள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "கொறை என்கிட்டதான். உன்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பரவாயில்லை என்றேன். அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெற்ற பிள்ளையிடம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்குள் சண்டை வரும்போதெல்லாம் நான் அந்த ஒன்றை எடுத்து உங்கள் மூஞ்சியில் வீசியிருக்கிறேன். நீங்கள் ஒரு நாள்கூடத் திருப்பிப் பேசியதில்லை. அது உங்கள் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த மௌனத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம்.

டாக்டர் உள்ளே என்ன சொன்னார்? உண்மையில் குறை யாரிடம்? என்னைத் தேற்றுவதற்காக ஒரு வார்த்தை எழுதினாலும் எனக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் போனாலும் தெரிந்ததாகவே வைத்துக்கொள்வேன்.

ஊசி

*

மார்ச் 16

அன்பான ஊசிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

முதலில் தராசு. முதல் வாரம் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ திரும்பி நின்றிருந்தாய். ஜாக்கெட் முதுகு முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. நிஜமாகவே அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாய். முள்ளோ நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அப்படி நடந்து வந்தவளிடம் ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கொறைஞ்சிருக்கு" என்றேன். நீ திரும்பிச் சிரித்தாய். அதற்கப்புறம் வாராவாரம் எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

இப்போது மற்றது. அந்த டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டு பேர்கிட்டயும் கொறை ஒண்ணும் தெரியல. சில பேருக்கு ஏன்னே தெரியாம இப்படி ஆயிடுது." அவ்வளவுதான் சொன்னார். உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

அதை வெளியே வந்து உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உன்னை எனக்குத் தெரியும். காரணம் இல்லை என்றால் நீ விட மாட்டாய், தேடுவாய். வெளியே எங்கேயும் கிடைக்காவிட்டால் உனக்குள்ளேயே தேடி, கடைசியில் உன்னையே குற்றவாளி ஆக்கிவிட்டுத்தான் ஓய்வாய். அதனால் தேட வேண்டாம் என்று என்னைக் காட்டிவிட்டேன். நீ சண்டையில் அதைச் சொல்லும்போது வலிக்கும். ஆனால் என்மேல்தானே வீசுகிறாள், அவள்மேல் இல்லையே என்று இருந்துவிடுவேன்.

இதுதான் உண்மை. நீ நம்ப மாட்டாய். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். வேண்டுமானால் ஒரு நாள் கடையை மூடு, அந்த ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்போம்.

நீ வராமல் இரண்டு நாளாக லோடுமேன் தம்பிதான் அவன் சாப்பாட்டில் எனக்குப் பங்கு கொடுக்கிறான்.

உன்,
தராசு

*

மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

படித்தேன். இரண்டு பேரிடமும் குறை இல்லை என்பது, குறை என்னிடம் இருந்தால் நீங்கள் சொல்லக்கூடிய பொய் மாதிரியே இருக்கிறது. அப்படி ஒரு பொய்யைச் சொல்லக்கூடியவர்தான் நீங்கள். உண்மையாகவும் இருக்கலாம். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கடையில் இன்று ஒரு சட்டைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். இத்தனை வருஷம் கழித்து அவர்கள் என்ன சொன்னாலும் அது நமக்குப் பிள்ளையைக் கொண்டுவரப் போவதில்லை. உங்களை வாயில் வந்தபடி பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், குறை யாரிடமாக இருந்தாலும்.

ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை. இத்தனை வருஷம் உங்களை மன்னித்த பெரிய மனுஷி நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையே நீங்கள் பார்த்துக் கொடுத்தது என்றால், எனக்கென்று என்ன இருக்கிறது? எனக்கு வலிக்கும் வலிக்கும் என்று என் பங்கையும் நீங்களே வைத்துக்கொண்டீர்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தது என் கோழைத்தனம்தான். நான் வர மாட்டேன் என்றால், சரி என்று விட்டுவிட்டுப் போவீர்களா?

இனி அரிசி டப்பாவின் மேல் எதுவும் வைக்காதீர்கள். எழுதுவதற்கு உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் மாற்றிச் சொல்ல நேரம் கிடைக்கிறது.

நாளையிலிருந்து கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கப் போகிறேன். காலையில் உங்கள் வேலை முடியும் நேரத்துக்குக் கோடவுன் வாசலில் நிற்பேன். சேர்ந்தே வீட்டுக்கு நடப்போம். நீங்கள் பன் கடைப் பக்கம் திரும்புகிறீர்களா என்று நான் பார்க்கிறேன், நான் பஸ்ஸை எட்டிப் பார்க்கிறேனா என்று நீங்கள் பாருங்கள். எனக்குச் சந்தேகம் தீர நாளாகும். தூரத்திலிருந்து படுகிற சந்தேகத்தைப் பக்கத்தில் நடந்துகொண்டே படுகிறேன்.

நான் சோம்பேறி, உங்களுக்குத் தெரியும். நான்கு நாள் வருவேன், ஐந்தாம் நாள் பாதி வழியில் எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு, என்னால் முடியாது, நீங்கள் போங்கள் என்பேன். அப்போது எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் சொல்ல வேண்டாம். கையைப் பிடித்து இழுங்கள்.

உங்கள்,
ஊசி