வேலி நடந்த தூரம்

அப்பா,

இன்று காலை நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் சீமைக்கிளுவை வேலியைத் தோட்டத்து ஆட்கள் வெட்டினார்கள். அந்தப் பச்சை நாற்றம் வீட்டுக் காம்பராவுக்குள் வந்ததும் உங்கள் கைதான் ஞாபகம் வந்தது. வேலி கழித்த நாளில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் உங்கள் கையை விட்டுப் போகாத நாற்றம்.

வேலிக்கு அந்தப் பக்கம் தொழிற்சங்கத் தலைவர். நமக்காகப் பேசுவதாகச் சொல்லி வெள்ளைச் சட்டை போட்டவர். தோட்டத் துரையின் ஜீப் சத்தம் கேட்டால் அந்தச் சட்டைக்குள்ளேயே கூனிப்போகிறவர். மழைக்காலந்தோறும் வேலியைக் கழித்து, வெட்டிய கம்புகளை நம் பக்கம் ஒரு சாண் தள்ளி ஊன்றுவார். அவை துளிர்த்ததும் பழைய வரிசையைப் பிடுங்கிவிடுவார். நம் கீரைப்பாத்தி அப்படித்தான் போனது.

"விடு பாப்பா, சாண் மண்ணுக்கா சண்டை?" என்பீர்கள். அவர்மேல் இருந்த அருவருப்பு கொஞ்சம் உங்கள்மேலும் தெறித்தது.

உங்கள் சாவுக்கு எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். கருமாதிக்கு நாங்கள் ஆற்றுக்குப் போய் வருவதற்குள், நீங்கள் வைத்த பலாமரத்தைத் தன் பக்கமாக்கிப் புது வரிசை ஊன்றியிருந்தார். அடுப்பில் வேறொன்றும் இல்லாத நாட்களில் நமக்குச் சோறாக இருந்த மரம்.

"என்னாங்க தலைவரே, எங்கப்பா மரம் நடந்தா வந்துச்சு உங்க பக்கம்?"

"ஊனியாச்சு பாப்பா. வேர் விட்டா அதான் எல்லை."

"எங்க பாட்டன் காலத்துலருந்து வேர் விட்டுத்தான் கெடக்கோம். எல்லை யாரு குடுத்தா?"

"ஆபிசுல சொல்லி அளந்தே காட்டுறேன்" என்று ஓடினார். உறுதிப் பத்திரம் இல்லாத இரண்டு வீட்டுக்கு எல்லை கேட்டு, நிலத்தை வைத்திருப்பவனையே கூப்பிட்ட அறிவை என்னவென்று சொல்ல? தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அளவு நாடாவோடு வந்தார். லயத்துச் சுவர்வரை தோட்டத்து மண், தேயிலைக் கன்று வைக்கப்போகிறோம் என்றார். "சரிங்க ஐயா" என்றார் தலைவர். மேலே பார்த்து அவருக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்று வேலியோடு பலாவும் விழுந்தது.

"ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சே பாப்பா."

"உங்களுக்குத்தான் சட்டை இருக்குங்களே."

வெட்டிப்போட்ட கம்பு ஒன்றை எடுத்துப்போய், மலைமேல் உங்களைப் புதைத்த இடத்தில், தலைமாட்டில் ஊன்றியிருக்கிறேன். அதுவும் தோட்டத்து மண்தான். அங்கே நாடா பிடித்து எவனாவது வந்தால், உங்களைப் போல் விடமாட்டேன்.

கை நாறுகிறது அப்பா. கழுவவில்லை.