அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில்

ஜூன் 3, செவ்வாய்

சப்நெட்டிங் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கும் இருபது கணக்கில் பதினான்கு தப்பு. ஒரு பெரிய நெட்வொர்க்கைத் துண்டு போட வேண்டும், எந்த மெஷினின் எண் எந்தத் துண்டில் விழும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானோடு இரண்டு மாதமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழு வருடமாகக் கடைக்காக ஊரெல்லாம் போய்க் கம்ப்யூட்டர் இணைப்பு வைத்து, இதே எண்களை மெஷின்களில் தட்டுகிறவள் நான். ஏன் இந்த எண் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். பழைய தாளைப் பார்த்துத் தட்டுவது, பச்சை விளக்கு எரிந்தால் கிளம்பிவிடுவது. இதுதான் என் தொழில் ஞானம்.

ஜூலை ஐந்து, மதுரையில் நெட்வொர்க் தேர்வு. தேறினால் கோயம்புத்தூர் கம்பெனியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் அகரம் பஸ், நாகல் நகர் கடை, முதலாளி முத்துக்கிருஷ்ணனின் திட்டு, மறுபடி அகரம் பஸ். சாகிற வரைக்கும்.

கூட வேலை பார்க்கும் இஷாக் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ அறிவு, என்ன ஊரு ரேஷன் கார்டு நம்பரையெல்லாம் எழுதுற?" என்றான். நோட்டை மூடி வைத்தேன்.

ஜூன் 7, சனி

பதினொன்று தப்பு. முன்னேற்றமாம்.

ஜூன் 11, புதன்

பஸ் ஸ்டாண்டில் ஸ்டான்லி அண்ணனைப் பார்த்தேன். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், ஆளே பாதியாகிவிட்டார்.

எங்கள் கடையில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவர். மார்ச்சில் வேடசந்தூர் ரோட்டு மில்லில் பஞ்சு குடோன் எரிந்ததோடு அவர் வேலையும் போயிற்று. குடோனில் புகை கண்டால் காவலாளி அறைக் கம்ப்யூட்டரில் மணி அடிக்க வேண்டும். வைத்துக் கொடுத்தது நாங்கள். கேபிள் அண்ணன், எண்கள் நான். அன்றைக்கு மணி அடிக்கவில்லை. தீயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காவலாளி சுருளிவேல் உள்ளே ஓடியிருக்கிறார். வெளியே வரவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு கம்பிகூட மிஞ்சவில்லை. கேபிள்தான் கோளாறு என்று முதலாளி சொல்லிவிட்டார். போலீஸ் கேஸ் அண்ணன் பேரில்.

"அய்யம்மாவப் பாத்துட்டு வாரேன் பாப்பா" என்றார். அய்யம்மாள் சுருளிவேலின் மனைவி. "வாரவாரம் போறேன். ஒரு வார்த்த ஏச மாட்டேங்குறாக. ஏசுனாக்கூடத் தேவல."

பாவம், ஒரு கம்பியைச் சரியாகப் பார்த்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்.

ஜூன் 14, சனி

பிடிபட்டுவிட்டது!

தெருக்கள். அவ்வளவுதான்! மெஷின் ஒவ்வொன்றும் ஒரு வீடு, அதன் எண் கதவிலக்கம். மாஸ்க் என்று கடைசியில் ஒரு எண் போடுகிறோமே, அது எத்தனை வீட்டுக்கு ஒரு தெரு என்று சொல்கிறது. 192 என்று போட்டால் அறுபத்து நான்கு வீட்டுக்கு ஒரு தெரு. 0 முதல் 63 வரை ஒன்று, 64 முதல் 127 வரை அடுத்தது. ஒரு தெருக்காரர் அடுத்த தெருவோடு பேச வழி வைத்தால்தான் உண்டு. வைக்காவிட்டால் கத்தினாலும் கேட்காது. 0 என்று போட்டால் ஊரே ஒரே தெரு.

இருபதுக்கு இருபது. "என்னடி, பேய் புடிச்சவ கணக்கா தனியாச் சிரிக்கிற?" என்றாள் அம்மா.

ஜூன் 16, திங்கள்

புத்தகத்துக் கணக்கு தீர்ந்துவிட்டதே என்று கடை ஃபைலில் கிடந்த பழைய தாள்களை எடுத்துக் கணக்காகப் போட்டேன். விளையாட்டாகத்தான்.

நான்காவது தாள் மில்.

புகைக் கருவி 70. காவலாளி அறைக் கம்ப்யூட்டர் 60. மாஸ்க் 192.

என் கையெழுத்து.

மாஸ்க் 0 என்று இருக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் வேறோர் இடத்துக்கு எழுதிய தாளைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறேன். சோதித்தேனே? சோதித்தேன் — என் லேப்டாப்பில் 75 போட்டு. 75-ம் 70-ம் ஒரே தெரு. மணி அடித்தது, பச்சை எரிந்தது, கிளம்பிவிட்டேன். காவலாளி அறைக்குக் கம்ப்யூட்டர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. என் தாளைப் பார்த்து அண்ணன் 60 போட்டார்.

60 ஒரு தெரு, 70 அடுத்த தெரு. அந்த மணி ஒருநாளும் அடித்திருக்காது.

ஜூன் 17, செவ்வாய்

நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். விடை மாறவில்லை.

ஜூன் 19, வியாழன்

நான் என்ன வேணும்னா செஞ்சேன்? யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தா? படிக்காதவள வேலைக்கு வச்சது யாரு? — எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. சுருளிவேல் செத்துப்போனார்.

தேர்வு முடியட்டும். முடிந்ததும் சொல்லிவிடுகிறேன். பதினாறு நாள்தானே.

ஜூன் 25, புதன்

முதலாளி ஸ்டான்லி அண்ணனைக் கடைக்கு வரவழைத்தார். "கேபிள் இணைப்பில் என் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வக்கீல் தண்டனையைக் குறைத்து வாங்கித் தருவாராம்.

வெளியே வந்தவர் என்னிடம் சொன்னார்: "எனக்கே அப்பிடித்தான் தோணுது பாப்பா. மொனையில ஒரு கம்பி சரியா உக்காரல. செத்த நேரம் யோசிச்சா நல்லா ஞாபகம் வருது."

நடக்காதது ஞாபகம் வருகிறதாம். என் பாவத்தை அவர் எடுத்துத் தன் கையில் பொருத்திக்கொண்டிருக்கிறார். "அவசரப்படாதீங்கண்ணே" என்றேன். அதோடு கடைக்குள் போய்விட்டேன். நான் ஒரு நாய்.

ஜூலை 5, சனி

தேறிவிட்டேன். தொண்ணூற்று நான்கு. சப்நெட்டிங் பகுதியில் ஒரு தப்பும் இல்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்திருப்பார் என்று பத்து மணிக்கு ஸ்டான்லி அண்ணன் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். நம்பவில்லை. "எனக்காவ இப்பிடியெல்லாம் சொல்லாத" என்றார். தாளை விரித்து, தெரு தெருவாகக் கோடு போட்டு, 60 இங்கே, 70 அங்கே என்று காட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. விரலை வைத்து அவரே ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"அப்ப ஏங் கேபிளு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சுண்ணே."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "என்னைக்குத் தெரியும் ஒனக்கு?" என்றார்.

"போன மாசம் பதினாறாந் தேதி."

"இவுக முந்தா நேத்துதான் கையெழுத்துப் போட்டாக."

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்?

ஜூலை 8, செவ்வாய்

ஸ்டேஷனில் மூன்று மணி நேரம். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, எடுக்கவில்லை. தாளைக் கொடுத்தேன், தெருக்களை விளக்கினேன். ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இம்புட்டு நம்பரு எனக்கு ஏறாதும்மா. அந்தாளு தன் தப்புன்னு எழுதியே குடுத்துட்டாரு. நீ வந்து இல்லைங்குற. ஒனக்கு இதெல்லாம் தெரியும்ங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

பையில் சனிக்கிழமை கொடுத்த மதிப்பெண் தாள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லி, என் வாக்குமூலத்தோடு சேர்த்துப் பின் அடித்தார். ஒரிஜினலைத் திருப்பித் தரும்போது ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்ல மார்க்கு" என்றார்.