கிளையன்ட் நாற்காலி

மார்ச் 3, திங்கள்
சொன்னால் வெட்கம். கூட்ட அறை மேசையைத் துடைக்கப் போனவள், கிளையன்ட் உட்காரும் மெத்தை நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டிருக்கிறேன். கண் விழித்தால் எதிரே உம் சார். பதினெட்டு வருஷமாக நான் டீ கொடுக்கும்போது என்ன கேட்டாலும் “உம்” என்று மட்டும் சொல்வதால் நான் வைத்த பெயர். என் வயசுதான் அவருக்கும். பதறி எழுந்தேன். “இருங்க, அப்படியே உக்காருங்க” என்றார். சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தை அவர் பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 4, செவ்வாய்
விஷயம் இதுதான். கடை கடையாகச் சிதறிக் கிடக்கும் விற்பனை விவரங்களை அள்ளி, தப்பைக் களைந்து, ஒரே இடத்தில் சேர்ப்பது அவர் வேலை. டேட்டா எஞ்சினியர். இப்போது பாதியைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதாம். “இனி கிளையன்ட் முன்னாடி நின்னு பேசுங்க” என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டார். பதினாலாம் தேதி கூட்டம். பேச வராவிட்டால் வீட்டுக்கு.

“தனியாப் பேசிப் பார்த்தா சுவர்கிட்ட பேசற மாதிரி இருக்கு. நீங்க கிளையன்ட்டா உக்காருங்க.”

“கால்மேல கால் போட்டுக்கலாமா சார்?”

“உம்.”

மார்ச் 6, வியாழன்
தினமும் நாலு மணிக்கு டீத் தட்டை வைத்துவிட்டு நான் கிளையன்ட். இன்று ஸ்கீமாவாம், லேட்டன்சியாம். தலையாட்டினேன்.

“புரிஞ்சுதா?”

“நல்லா தூக்கம் வருது சார்.”

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வியர்த்து ஊற்றுகிறது மனுஷனுக்கு.

மார்ச் 7, வெள்ளி
கால் வீங்கிவிட்டது. வலியில் உட்கார்ந்து எழுத முடியவில்லை.

மார்ச் 10, திங்கள்
டீ அறை மேல் தட்டில் மூன்று கப். வேலை போனவர்களுடையது. வாங்கிப் போக யாரும் வருவதில்லை, எறியவும் எனக்கு மனசு வருவதில்லை. இன்று உம் சார் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு தன் கப்பைத் தானே கழுவினார். வாங்கிக் கீழ்த் தட்டில் நானே வைத்தேன். எனக்கு ஏன் இந்தக் கவலை — அவர் எனக்கு மாமனா, மச்சானா?

மார்ச் 12, புதன்
கூட்டத்துக்கு வரப்போகிறவர் பத்துச் செருப்புக் கடைக்குச் சொந்தக்காரர்.

“சார், நான் செருப்பு விக்கிறவ. உங்க ஸ்கீமாவை வெச்சு நான் என்ன பண்ண?”

கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். ரொம்பத்தான் சீண்டிவிட்டேனோ? பிறகு மெதுவாக, “எந்தக் கடையில எந்த சைஸ் தீர்ந்துபோச்சுன்னு காலையிலயே தெரியும். வந்தவங்க வெறுங்கையோட திரும்ப மாட்டாங்க” என்றார்.

“அட, இதையா பதினெட்டு வருஷமா பண்ணீங்க? சொல்லவே இல்லையே.”

சிரித்தார். உடனே முகம் வாடிவிட்டது. “யார்கிட்டயும் பேச வேண்டாம்னுதாங்க இந்த வேலைக்கே வந்தேன்.”

ஆறிய டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி
உம் சார் கப் கீழ்த் தட்டிலேயே இருக்கிறது. திங்களிலிருந்து வாரத்தில் மூன்று நாள் செருப்புக் கடைக்காரர் ஆபீசுக்குப் போய்ப் பேசுவதுதான் அவர் வேலையாம். தொண்டை கட்டிப்போய் வெந்நீர் கேட்டார்.

நடந்தது இதுதான். கூட்டத்துக்கு நாலு மணிக்கு டீ கொண்டு போனேன். செருப்புக் கடைக்காரர் ஜன்னல் பக்கம் போனில் இருந்தார். உம் சார் தாளைப் புரட்டிப் புரட்டி விழித்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்தேன். கிளையன்ட் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால்மேல் கால் போட்டேன். உம் சார் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். செருப்புக் கடைக்காரர் போனை வைத்துவிட்டு வந்து, நின்றுகொண்டே கடைசிவரை கேட்டார். டீயை அவரே ஊற்றிக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் போட்ட டீதான், சர்க்கரை கம்மி.