மஞ்சள் நாடா

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

உன் வாலு இங்கே நலம். அவளை வைத்து மேய்க்கும் நான்தான் பாதியாகிவிட்டேன். நேற்றுப் பள்ளியில் பாரம்பரிய விழா. யோசனை என்னுடையது: வீட்டில் ஒரே மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வரிசை, வரிசைக்கு ஒரு நிறத்தில் கையில் நாடா. நமக்கு மஞ்சள். உன் மகள் பாடினாளே ஒரு பாட்டு, கேக் வெட்ட வந்த கல்வி அதிகாரியே தாளம் போட்டார்! "நாடா அப்படியே இருக்கட்டும் டீச்சர், பார்க்க அழகா இருக்கு" என்றார் தலைமையாசிரியை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரவு டியூட்டி பார்க்கிறேன் என்று பட்டினி கிடக்காதே.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

விழா முடிந்தபின் நாடா எதற்கு? உன் கடிதத்தின் ஓரத்தில் வாலு கிறுக்கியிருந்தாள்: "அம்மா, மஞ்சள் பிள்ளைங்க மட்டும் இப்ப பின்வாசல் வழியாத்தான் போகணும்." நீ ஏன் அதை எழுதவில்லை?

எங்கள் ஆஸ்பத்திரியில் நம் மொழிக்கார நர்சுகள் இரண்டு பேரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டவளை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

சின்னவள்

மார்ச் 16

அன்புத் தங்கைக்கு,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பின்வாசல் பக்கம் நல்ல நிழல், பிள்ளைகளுக்கு வெயில் படாது. மஞ்சள் வரிசையில் நாலைந்து பேர் வருவதில்லை, அது உண்மைதான். வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தன. உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றேன். "காயப்போட்ட துணியைக்கூட எடுக்காமலா டீச்சர்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிலருக்கு எதிலும் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

உன் காலில் விழுந்து கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். வாலுவோடு அன்றைக்கே கிளம்பிவிடுவோம், நீயும் வந்துவிடு. அதுவரை அவளைப் பள்ளிக்கு அனுப்பாதே. யாரிடமும் மூச்சு விடாதே.

சின்னவள்

மார்ச் 26, வியாழன்

அன்புத் தங்கைக்கு,

நீ கோபித்துக்கொண்டாலும் சரி, முறை என்று ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் டீச்சராக இருந்துவிட்டு, மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பிள்ளையை அனுப்புவேனா? நாளைக்கு எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் தலைமையாசிரியையிடம் கேட்டேன். சிடுசிடுப்பார் என்று பயந்தால், நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அவங்க அம்மா எந்த ரயில்ல வர்றாங்க?"

சொன்னேன்.

"நீங்க அலைய வேண்டாம் டீச்சர், இன்னைக்கு லீவு எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. ஸ்டேஷனுக்கு நாங்களே கார் அனுப்பறோம். கையெழுத்து ஆகிற வரைக்கும் குழந்தை இங்கேயே இருக்கட்டும்."

எவ்வளவு தங்கமான மனுஷி! நீதான் ஊரையே சந்தேகப்படுகிறாய்.

மாலை. பள்ளி விட்டு வெகு நேரமாகியும் வாலு வரவில்லை. போய்ப் பார்த்தேன். இரண்டு வாசலும் பூட்டு. காவலாளி என் முகத்தைப் பார்க்காமல், "எந்தப் பிள்ளை டீச்சர்? உள்ள யாருமே இல்லையே" என்கிறான். தலைமையாசிரியை வீட்டிலும் கதவைத் திறக்கவில்லை. தெருமுனையில் ஒரு கார் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறதடி.

நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். ரயில் ஏறாதே, சின்னவளே. ஏறாதே.

அக்கா