அண்ணா பக்கத்து நியாயம்

2020 அக்டோபர் 18, ஈஸ்ட் பிரன்ஸ்விக்

இன்றும் அண்ணாவோடு போனில் சண்டை. ஒபாமாகேர் என்கிற மருத்துவ இன்ஷூரன்ஸ் சட்டத்தை முழுதாகத் தூக்கச் சொல்லி டெக்சாஸ் மாநிலம் போட்ட வழக்கு அடுத்த மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறது. ஹூஸ்டனில் இருக்கிற அண்ணாவுக்கு அதில் சந்தோஷம். இன்ஷூரன்ஸ் வாங்கு என்று ஒரு மனிதனைக் கட்டாயப்படுத்தலாம் என்று இந்த நாட்டு அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஏற்கெனவே நோய் உள்ளவனுக்கும் இன்ஷூரன்ஸ் மறுக்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தானே, அதுவும் சேர்ந்து போகட்டுமா என்று நான் கேட்டேன். வருடக்கணக்காக இதே கதை.

வெறும் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். கொழும்பில் லொட்ஜில் இருந்த தமிழர்களைப் பொலிஸில் பதியச் சொன்னபோது அண்ணாவும் ஒழுங்காகப் போய்ப் பதிந்தவர். பிறகு பதிந்த பெயரை வைத்தே வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து எந்த அரசாங்கம் ‘கட்டாயம்’ என்றாலும் அவருக்கு உடம்பு விறைக்கும். இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் அபராதம் என்பதை நீக்கியதும் முதல் வேலையாக இன்ஷூரன்ஸையே விட்டுவிட்டார்.

குரல் களைத்திருந்தது. கடை வேலை என்றார். கொரோனாவால் கல்யாணமே நடக்காத வருடத்தில் அவருடைய சீலைக் கடையில் என்ன வேலை?

அக்டோபர் 29

அண்ணாவின் மகள் சயந்தினி, டெக்சாஸிலேயே இருக்கிற ஃபிரிஸ்கோவிலிருந்து அழுதுகொண்டு போன் எடுத்தாள். அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டதாம். மாதக்கணக்காக இரத்தம் போயிருக்கிறது, ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. “ஹி நெவர் டோல்ட் மீ, மாமி.”

எனக்கும் சொல்லவில்லையே. ஏன் அண்ணா? நான் சண்டை பிடிப்பன் எண்டோ? ‘அப்பவே சொன்னனான்’ எண்டு சொல்லுவன் எண்டோ?

சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை.

நவம்பர் 10

கொரோனாவால் வழக்கைத் தொலைபேசியிலேயே விசாரித்தார்கள். நாடே கேட்கலாம். அண்ணாவும் நானும் எங்கள் லைனை வெட்டாமல், அவர் அங்கேயும் நான் இங்கேயுமாக இருந்து கேட்டோம். டெக்சாஸ் பக்கத்து வக்கீல் அண்ணா இத்தனை காலம் சொன்னதையே சொன்னார், இன்னும் நேர்த்தியாக. ‘கேட்டியோ ராணி’ என்பார் என்று காத்திருந்தேன். மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, “அவன் சொன்னதில பிழை இல்லை” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா அவன் வெல்லக்கூடாது எண்டு நினைச்சுக்கொண்டுதான் கேட்டனான்.”

அவர் வாயிலிருந்து இப்படி ஒன்றை வரவைக்க நான் எத்தனை வருடம் வாதாடியிருப்பேன். இப்படி வந்திருக்கவே வேண்டாம்.

டிசம்பர் 13

இன்ஷூரன்ஸில் சேரும் காலம் நாளை மறுநாளோடு முடிகிறது. அண்ணா அசையவில்லை. சயந்தினி காரை எடுத்துக்கொண்டு ஹூஸ்டனுக்குப் போய்விட்டாள். நான் போனில்.

“சட்டம் பிழை எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, இப்ப நானே அதுக்குள்ள போய் ஒளியிறதோ?”

வாதாட எனக்கு நூறு காரணம் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. “சரியோ பிழையோ தெரியாது. நீங்கள் எனக்கு வேணும் அண்ணா” என்றேன்.

பிறகு மகளைக் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். நோய் இருக்கிறதா என்ற கேள்வியே விண்ணப்பத்தில் இல்லையாம். “கேக்கவே இல்லை” என்று இரண்டு தரம் சொன்னார்.

2021 ஜனவரி 8

முதல் கீமோ. டொக்டர் நல்ல பெண்ணாம். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் என்று ஆரம்பித்தவள், அண்ணாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாளாம்.

பிப்ரவரி 16

டெக்சாஸ் முழுக்கப் பனி. அண்ணா வீட்டில் கரண்ட் இல்லை, கீமோவும் தள்ளிப்போய்விட்டது. சயந்தினி தன் கோட்டையும் அவருக்கு மேல் போட்டிருக்கிறாளாம். இங்கே ஹீட்டர் ஓடுகிற சத்தமே எனக்குக் குற்றமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, ஹூஸ்டன்

வந்துவிட்டேன். அண்ணா ஒரு குழந்தையின் அளவுக்கு மெலிந்திருக்கிறார். மருந்துக்கு நோய் கேட்கவில்லை. இன்று கஞ்சி பருக்கும்போது, தீர்ப்பு எப்போது வரும் என்று கேட்டார். அடுத்த மாதமோ ஜூனிலோ என்றேன். தலையாட்டினார். எந்தப் பக்கம் வரவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 11

விடியும்போது அண்ணா போய்விட்டார்.

ஜூன் 17, ஈஸ்ட் பிரன்ஸ்விக்

தீர்ப்பு வந்தது. சட்டம் தப்பிவிட்டது. வழக்குப் போட்டவர்களுக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை, ஆகவே வழக்குப் போடவே தகுதி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். கட்டாயப்படுத்தலாமா கூடாதா என்பதைத் தொடவே இல்லை. என் பக்கம் வென்றது. செய்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பின்னேரம் சயந்தினி எடுத்தாள். “தே டிட்ன்ட் ஆன்சர் த கொஸ்டின், மாமி” என்றாள், கோபமாக. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவதா நீதிமன்றம் என்று, அப்பா உயிரோடு இருந்தபோது தான் ஒரு நாளும் எடுக்காத அவர் பக்கத்தை எடுத்துக்கொண்டு வாதாடினாள். நான் பதில் சொன்னேன். அவள் மறுத்தாள். இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிட்டது.

ஓரிடத்திலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.