என் டம்ளர் உன்னிடம்

இன்று காலை மகள் சமையலறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். உன் நீல எனாமல் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "ஓரமெல்லாம் பேந்து போச்சும்மா, தூக்கிப் போட்டுடட்டா?" என்றாள். அவள் கையிலிருந்து பிடுங்கி, அதில் டீ ஊற்றிக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். உதடு சுடுகிறது. மலையிலும் இப்படித்தான் சுட்டது.

பெங்களூர் டெலிபோன் ஆபீஸில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனவள் நீ. பனி பார்க்கும் ஆசையில் என்னையும் இமாசலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். கல்யாணமாகாத இரண்டு பெண்கள் மூட்டை சுமந்து மலையேறுவதா என்று எங்கள் வீட்டில் குதித்தார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த உன் அப்பா மட்டும், "நாங்க கீழ போனோம், நீங்க மேல போங்க" என்று சிரித்தாராம்.

அங்கே போனபின் பெங்களூரே மறந்துபோனது. காலையில் விறைத்த பூட்ஸுக்குள் காலைத் திணிப்பது, ஈரக் காலுறையை முதுகுப் பையில் ஊக்கு குத்திக் காயவிடுவது, மத்தியானம் பாறைமேல் உட்கார்ந்து காய்ந்த பூரியை ஊறுகாயோடு மெல்லுவது, சாயங்காலம் அடுத்த முகாமின் கூடாரம் தெரிந்ததும் டீக்கு ஏங்குவது. வேறு கவலையே கிடையாது. கொப்புளம் வெடித்த என் பாதத்தைப் பார்த்து, "இது காலா, எண்ணெயில போட்ட அப்பளமா?" என்பாய்.

முதல் நாளே ஒரு சட்டம் போட்டாய். சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் தங்கள் பித்தளை டோக்கனை மேலே மாட்டிவிட்டுப் போவார்களாம், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார்களாம். "டோக்கன் தொங்கினு இருந்தா ஆளு இன்னும் உள்ளதான் இருக்கான்னு அர்த்தம்டி." அதனால் காலையில் கிளம்பும்போது என் டம்ளர் உன்னிடம், உன் டம்ளர் என்னிடம். சாயங்காலம் திருப்பி வாங்கினால்தான் இருவருக்கும் டீ. எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. அம்மா பெயர் பொறித்த என் எவர்சில்வர் டம்ளர், உன் பையில் ஆடி ஆடி எனக்கு முன்னால் கிணுகிணுத்துக்கொண்டே போகும்.

கணவாயைக் கடந்த அன்று வேகமாக நடப்பவர்களை முன்னால் அனுப்பிவிட்டார்கள். நீ அவர்களோடு போனாய், நான் கடைசியில். இறக்கத்தில் மூடுபனி சூழ்ந்தது, என் முழங்கால் பிசகியது. கத்திப் பார்த்தேன். யாரும் இல்லை. கிணுகிணுப்பும் இல்லை. ஒரு பாறையை ஒட்டிச் சுருண்டு உட்கார்ந்தேன். அப்படியொரு பயத்தை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

முகாமில் நடந்ததைக் கூட வந்தவர்கள் பிறகு சொன்னார்கள். காலையில் மூச்சு வாங்கிப் பாதி வழியில் திரும்பிய சிலரோடு நானும் பழைய முகாமுக்கே போயிருப்பேன் என்று குழுத் தலைவர் முடிவுகட்டிவிட்டாராம். டீ வந்ததாம். நீ வாங்கவில்லையாம். என் டம்ளரை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, மலையைக் காட்டி, நம்மூர் இந்தியில் கத்தினாயாம்: "டம்ளர் இதர் ஹை, லட்கி உதர் ஹை!" டம்ளர் இங்கே இருக்கிறது, பெண் அங்கே இருக்கிறாள். அவர் என்ன சமாதானம் சொல்லியும் நீ அசையவில்லையாம்.

இருட்டும் நேரத்தில் வழிகாட்டி வந்தார், பின்னாலேயே நீயும். கட்டிப்பிடிப்பாய் என்று பார்த்தேன். பையிலிருந்து டம்ளரை எடுத்து, "இந்தா உன் டோக்கனு. வா, டீ குடிக்கலாம்" என்றாய். முகாமில் டீ ஆறிப்போயிருந்தது. அழுதுகொண்டே குடித்தேன்.

கடைசி நாள் காலையில் மாற்றிய டம்ளர்களை நாம் திருப்பிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்டி, அடுத்த மலையில மாத்திக்கலாம்" என்றாய். கல்யாணம், பிள்ளைகள் என்று அடுத்த மலை வரவேயில்லை. சுரங்கம் மூடியபின் இங்கே பெங்களூரில் லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்தாய். நான் வரும்போதெல்லாம் என் டம்ளரில்தான் டீ தருவாய். பிறகு கழுவி உன் அலமாரியிலேயே வைத்துக்கொள்வாய்.

போன மழைக்காலத்தில் உன்னைப் பெட்டியில் கிடத்தியபோது, உன் மகள் அதை எடுத்து வந்து, "இது உங்களுதுன்னு அம்மா சொல்லும் ஆன்ட்டி" என்று நீட்டினாள். வாங்கி உன் கைப்பக்கத்திலேயே வைத்துவிட்டேன். பாதிரியார் பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.

எனக்கு முழங்கால் இன்னும் வலிக்கிறது. மெதுவாகத்தான் வருவேன். அதுவரை யார் டீ கொடுத்தாலும் நீ வாங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். டீயைக் குடித்து முடித்து, உன் டம்ளரைக் கழுவி அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். கிளம்பும்போது எடுத்து வருகிறேன்.